உட்காராத ஆக்சில்

வேன்காரி வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் பச்சைக் குழந்தைகூடக் கை காட்டும். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை அங்கி எல்லாவற்றையும் அழுக்கோடு அள்ளிக்கொண்டுபோய்ச் சலவை ஆலையில் கொட்டுவது, வெளுத்து மடித்ததைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவது, இதுதான் அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே வேலை, அதே மூன்று ஆஸ்பத்திரி. வேன் மட்டும் ஒரு தடவை மாறியது.

அவள் வண்டி ஓட்டப் பழகியதைப் பெரிய சாதனையாக யாரும் சொல்ல வேண்டாம். ஆலையில் மடிப்பு மேசையில் நின்றுகொண்டிருந்தவள். ஒரு நாள் அங்கிருந்த ஓட்டுநர் மேலாளரோடு சண்டை போட்டுக்கொண்டு, வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். உள்ளே இருந்த ஒருவராலும் வெளியே போக முடியவில்லை. பகல் சாப்பாட்டு நேரம், இவளுக்கோ பசி. ஏறி உட்கார்ந்து, முன்னே கொஞ்சம் பின்னே கொஞ்சம் என்று முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டி வண்டியை ஓரம் கட்டினாள். சுவரில் ஒரு கோடு விழுந்தது. மறுநாள் மேலாளர் கூப்பிட்டு, உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே என்றார். தெரியாது என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. உரிமம் அதற்குப் பிறகு எடுத்தாள்.

புருஷன் மெக்கானிக். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட பட்டறை, ஒரு வண்டி ஏறி நிற்க ரேம்ப், இன்னொரு வண்டி காத்திருக்க இடம். ஊருக்குள் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே எந்தப் பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வண்டிக்குச் சொந்தக்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். கொஞ்ச நேரம் கழித்து, "மூணாவது" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரில்தான் கோளாறு இருக்கும்.

இப்படிப்பட்ட மனிதரோடு முப்பத்தொரு வருஷக் குடித்தனம். முதல் இருபத்தொன்பது வருஷமும் இவள் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொல்வார். வடக்கே என்றால் தெற்கே. கடைசி இரண்டு வருஷமாகத்தான் மனிதர் திருந்தினார். எதைச் சொன்னாலும் சரி. குளியலறைக்கு நீல வண்ணம் அடிக்கலாமா என்றால் சரி. என் அக்கா வந்து மூன்று மாதம் நம்மோடு இருக்கட்டுமா என்றால் அதற்கும் சரி. அக்கா பெட்டியோடு வந்து இறங்கியபோது மட்டும் கொஞ்சம் திகைத்த மாதிரி நின்றார். வேன்காரி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆம்பிளைங்க பழுக்க நாளாகும், பொறுத்திருக்கணும் என்று அக்காவுக்குப் புத்தி சொன்னாள். தன் வீட்டுக்காரர் இன்னும் செங்காயாகவே இருக்கிறாரே என்று அக்கா வருத்தப்பட்டாள்.

அந்த மாசம் வேனின் கிளட்ச் வழுக்க ஆரம்பித்தது. மேட்டில் எஞ்சின் கத்தும், வண்டி ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கும். காதுக்காரர் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு புதுத் தட்டு போட்டுக் கொடுத்தார். கிளட்ச் தட்டை மாற்ற வேண்டுமானால் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். அதை இறக்க வேண்டுமானால், அதிலிருந்து இரண்டு முன்சக்கரங்களுக்கும் போகிற இரும்புத் தண்டுகளை உருவ வேண்டும். ஆக்சில் என்று பெயர். திரும்ப மாட்டும்போது அதன் குண்டான முனையைக் கியர்பாக்ஸுக்குள் ஓங்கித் தள்ளினால், நுனியில் இருக்கிற சின்ன லாக் வளையம் உள்ளே ஒரு பள்ளத்தில் போய் உட்காரும். உட்காரும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். வளையலோடு வளையல் இடித்துக்கொள்கிற அளவுச் சத்தம், அவ்வளவுதான். மற்ற மெக்கானிக்குகள் தள்ளிய பிறகு ஒரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள். காதுக்காரர் இழுக்க மாட்டார். இழுத்துப் பார்க்கிறது காது இல்லாதவன் வேலை என்பார்.

நாலு நாள் வேன் வெண்ணெய் மாதிரி ஓடியது. ஐந்தாம் நாள் பதினொரு மணி வாக்கில், பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் திருப்பத்தில் வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, அடியில் டொக்கென்று ஒன்று கேட்டது. அதற்கப்புறம் எஞ்சின் ஓடியது, வண்டி ஓடவில்லை. பின்னால் நானூறு அழுக்கு விரிப்பு.

கூட்டம் கூடத் தாமதமாகவில்லை. ஆஸ்பத்திரிக் காவல்காரர் வந்து, கிளட்ச் எரிந்துவிட்டது, வாடை வருகிறது என்றார். வந்த வாடை விரிப்புகளுடையது. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவன் வந்து, கியர்பாக்ஸே போச்சு அக்கா, வண்டியை எடைக்குப் போட்டுடுங்க என்றான். அவன் எதைப் பார்த்தாலும் கடைசி நிலைமை என்றுதான் சொல்வான், அவன் பிழைப்பு அப்படி.

வேன்காரி இரண்டு பேர் சொன்னதையும் காதில் வாங்கிக்கொண்டாள், மனசில் வாங்கிக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்து கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டாள். நறநறவென்று எதுவும் இல்லை, சுகமாக விழுந்தது. காலை எடுத்தாள். வண்டி நகரவும் இல்லை, எஞ்சின் திணறி அணையவும் இல்லை. ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்தினாள். வேகம் காட்டும் முள் பத்துக்குப் போய், இருபதுக்குப் போய் நின்றது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. அந்தப் பழைய வேனில் முள்ளுக்குச் சேதி போவது கியர்பாக்ஸிலிருந்து. முள் ஏறுகிறதென்றால் கியர்பாக்ஸின் கடைசிப் பல்வரை சுற்றுகிறது. கிளட்ச் வழுக்கினால் முள் ஏறாது. ஆக, அறுந்தது கியர்பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவில்தான். இன்னொன்றும் செய்து பார்த்தாள். எஞ்சினை அணைத்து, முதல் கியரிலேயே விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுக் காவல்காரரைத் தள்ளச் சொன்னாள். கியரில் இருக்கிற வண்டி அசையக் கூடாது. இது குழந்தை வண்டி மாதிரி உருண்டது. காவல்காரர் தன் பலத்தை நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு பழைய விரிப்பைத் தரையில் போட்டு அடியில் படுத்தாள். வலது ஆக்சில் அதன் இடத்தில் இருந்தது. இடது ஆக்சிலின் குண்டு கியர்பாக்ஸை விட்டு நாலு விரற்கடை வெளியே வந்து, எண்ணெய் சொட்டச் சொட்டத் தொங்கிக்கொண்டிருந்தது. உடையவில்லை, நசுங்கவில்லை. லாக் வளையம் புதுசு மாதிரி மின்னியது. கூச்சக்கார விருந்தாளி வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டுத் திரும்பிய மாதிரி, அது ஒரு நாளும் உள்ளே போய் உட்காரவே இல்லை.

இரண்டு காலையும் குண்டில் முட்டுக்கொடுத்து ஒரே உந்து உந்தினாள். டிக்.

சத்தம் நன்றாகக் கேட்டது. சாலையில் பஸ் போய்க்கொண்டிருக்கிறது, காவல்காரர் யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருக்கிறார், எல்லாவற்றையும் மீறிக் கேட்டது. குண்டைப் பிடித்து இழுத்தாள், அசையவில்லை. எண்ணெய்க் கறையோடு அப்படியே கொஞ்ச நேரம் படுத்திருந்தாள். ஆம்புலன்ஸ்காரன் குனிந்து, மயக்கமா அக்கா என்று கேட்டான். அவளுக்கு மயக்கம் இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் படுத்திருக்கிற எனக்கே கேட்கிற சத்தம், அமைதியான பட்டறையில் ஊரறிந்த காதுக்காரருக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

விரிப்புகளை ஆலையில் இறக்கிவிட்டு, குறைந்த எண்ணெயை ஊற்றிக்கொண்டு, வீடு வந்து சேர மணி இரண்டரை ஆகிவிட்டது. பட்டறை ரேம்ப்பில் பள்ளிக்கூட வேன் நின்றுகொண்டிருந்தது. அதற்கும் கிளட்ச் வேலை, முந்தின நாள்தான் முடிந்தது. அதிலும் கியர்பாக்ஸை இறக்கி, ஆக்சிலைத் திரும்ப மாட்டி, இழுத்துப் பார்க்காமல் விட்டிருந்தார். நாலு மணிக்கு அதன் ஓட்டுநர் எடுக்க வருவார். மறுநாள் காலை அதில் பதினேழு பிள்ளைகள் ஏறும்.

காதுக்காரர் முதுகைக் காட்டி நின்று கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அந்த ஸ்கூல் வேனோட ஆக்சிலை ஒரு தடவை இழுத்துப் பாத்துடுங்க" என்றாள்.

"சரி" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு தினசரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வேன்காரி அசையாமல் நின்றாள். கியர் விழுகிறது, முள் ஏறுகிறது, வண்டி நகரவில்லை. காலையில் ஒன்றைப் பார்த்தவளுக்கு இதுவும் அதுபோலத்தான் பட்டது. எங்கே அறுந்திருக்கிறது என்று இதையும் சோதித்துவிடுவோம் என்று அவருக்குப் பின்னால் போய் நின்றாள். தன் சாதாரணக் குரலில், சோறு வேண்டுமா என்று கேட்கிற தொனியில் சொன்னாள்:

"அடுப்பு பத்திக்கிட்டு வீடு எரியுது."

"சரி" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பினார்.

தொண்டையைக் கீழே இறக்கி, ஆம்பிளை மாதிரி அடிவயிற்றிலிருந்து அதையே மறுபடி சொன்னாள். அவர் சடக்கென்று எழுந்து சமையலறைப் பக்கம் பார்த்தார்.

"எங்க?"

கோளாறு எந்த இடம் என்று இப்போது முழுசாகத் தெரிந்துவிட்டது. கனத்த சத்தம் எல்லாம் அவருக்குக் கேட்கிறது. எஞ்சின் கேட்கிறது, ஓட்டுநர்கள் பேசுவது கேட்கிறது. மெல்லிய சத்தம்தான் போய்விட்டது. முப்பது வருஷம் காதருகில் கிரைண்டர் பிடித்ததில், குக்கர் விசிலும், போன் மணியும், லாக் வளையத்தின் டிக்கும், பெண்டாட்டி குரலும் போய்விட்டன. மிச்சமெல்லாம் கேட்டதால், காது போனது அவருக்கே சரியாகப் புலப்படவில்லையோ, புலப்பட்டும் மறைத்தாரோ, அது இன்றுவரை தீராத வழக்கு.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துச் சரிகளையும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நீல வண்ணம் போனால் போகிறது. அக்கா வந்ததும் போகட்டும். மகள் வேலை கிடைத்து வெளியூர் போகிறேன் என்று சமையலறை வாசலில் நின்று, பயந்து பயந்து அப்பாவிடம் கேட்டாளே, அதற்கும் இதே சரிதான். அப்பா இவ்வளவு லேசாக விட்டுவிட்டாரே என்று அவள் அன்றைக்கு அழுதாள். கிளம்புகிற காலையில் இந்த மனிதர், இவ்வளவு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறாய் என்று கேட்டார். அப்பா தமாஷ் பண்ணுகிறார் என்று வீடே சிரித்தது. சிரிக்காத ஒரே ஆள் அவர்தான்.

வேன்காரி எழுந்து போய் அவருக்கு முன்னால் நின்று, முகத்துக்கு நேராகச் சொன்னாள். காலையில் வேன் நின்றதைச் சொன்னாள், இடது ஆக்சில் உட்காரவே இல்லை என்றாள். அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வேகத்தடையில் நீ பறந்திருப்பாய், அதனால் கழன்றிருக்கும் என்றார். காது கேட்கவில்லை என்று சொன்னதும் தினசரியை மடித்து வைத்தார்.

"எனக்கா? ஊரே என்னைக் காதுக்காரன்னு சொல்லுது. நீ கேக்கலன்னு சொல்ற."

"ஊர் சொல்றது உங்களுக்குக் கேக்குது. நான் சொல்றதுதான் கேக்கல."

பேசிப் பயனில்லை என்று தெரிந்தபோது மணி மூன்றேகால். அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு பள்ளி வேனுக்கு அடியில் போனாள். வலதைப் பிடித்து இழுத்தாள், பாறை மாதிரி இருந்தது. காதுக்காரருக்கு முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. இடது பக்கம் போய்த் தண்டில் கை வைத்தாள். அவரால் பொறுக்க முடியவில்லை. எத்தனை கோபத்திலும் வேலை தப்பாக நடப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"தண்டைப் புடிச்சு இழுக்காத, உள்ள பிரிஞ்சுடும். குண்டைப் புடி."

அவள் குண்டைப் பிடித்தாள். பெரிதாக ஒன்றும் இழுக்கவில்லை. ஜாடியில் வைத்த கரண்டி மாதிரி அது கையோடு வந்தது. எண்ணெய் அவள் ரவிக்கைக் கை வழியே முழங்கை வரை ஓடியது.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு குனிந்து உள்ளே வந்து, அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, குண்டைத் துடைத்து, லாக் வளையத்தை விரலால் தடவிப் பார்த்து, நேராகப் பிடித்து ஓங்கித் தள்ளினார். தள்ளிவிட்டு ஆக்சிலைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவர் குண்டைப் பிடித்து இழுத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இழுத்தார். ஒன்றுக்கு மூன்று முறை இழுத்தார்.

ஓட்டுநர் நாலு மணிக்கு வந்தபோது, இடது பக்கம் சரியாக உட்காரவில்லை, இப்போதுதான் உட்கார்ந்தது என்று காதுக்காரரே சொன்னார். ஓட்டுநர் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு, நீங்க சொன்னா சரிண்ணே என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

வண்டி தெருவைத் தாண்டியதும் காதுக்காரர் சுவரோரம் குந்தி, விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். அவருக்கு மனிதர்கள் பெயர் மறந்துபோகும், வண்டிகள் மறக்காது. இரண்டு வருஷத்தில் இந்த ரெண்டு வேனையும் தவிர ஆக்சில் கழற்றி மாட்டிய வண்டிகள் ஒன்பது. ஒன்பதையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று வேன்காரி சொல்ல வாயெடுக்குமுன் அவரே சொல்லிவிட்டார். அதோடு ஒரு நிபந்தனையும் போட்டார். தப்பு நடந்திருக்கலாம் என்று சொல்வேன், ஏன் நடந்தது என்று சொல்ல மாட்டேன். இவள் விடவில்லை. நாளைக்கு வண்டி கொண்டுவருகிறவனுக்கு அது தெரிய வேண்டாமா என்றாள். அவர் சரி என்றார்.

"எதுக்கு சரி? நான் என்ன சொன்னேன்னு திருப்பிச் சொல்லுங்க."

அவர் சொல்ல முடியாமல் விழித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வெறும் சரி செல்லாது.

மூன்று பிற்பகல் பிடித்தது. சலவைச் சுற்று முடிந்ததும் அவள் வேனை எடுப்பாள், அவர் ஜாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும், மாட்டினது சரியா உக்காந்திருக்கான்னு பாக்க வந்தேன் என்பார். காரணம் கேட்டால் இருமுவார். காதுக்காரர் தேடி வந்து பார்க்கிறார் என்று பெருமைப்பட்டவர்களும் இருந்தார்கள். நாலாவது வண்டி ஒரு தையற்காரருடையது, அதன் ஆக்சில் கையோடு வந்துவிட்டது. தையற்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். மாட்டி முடித்ததும் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, இனிமேல் வேற இடத்துல பாத்துக்கறேன் என்றார். சொன்னபடி அப்புறம் வரவே இல்லை. திரும்பும் வழியெல்லாம் காதுக்காரர் ஜாக்கியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஒன்பதாவது வண்டி ஊர்க்கோடியில், ஓய்வு பெற்ற தபால்காரர் வீட்டில் இருந்தது. எண்பதை நெருங்குகிற மனிதர், கொசு பாடுகிற மாதிரி மெல்லிய குரல். காதுக்காரர் அடியில் படுத்து இரண்டு பக்கமும் இழுத்தார். இரண்டும் கெட்டியாக இருந்தன. வெளியே வந்து கை துடைக்கும்போது தபால்காரர் ஏதோ சொன்னார். காதுக்காரர் பழக்கதோஷத்தில், சரிங்க என்றார்.

தபால்காரர் அப்படியே நின்றார். காதுக்காரரும் நின்றார். ஆக வேண்டியது இன்னும் ஏதோ இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. வேன்காரி வண்டியில் சாய்ந்துகொண்டு தூரத்தில் பார்வையை வைத்திருந்தாள். அவளுக்குத் தபால்காரர் சொன்னது கேட்டிருந்தது. சொல்லிக் கொடுப்பதாக இல்லை.

காதுக்காரர் துணியை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். பிறகு தபால்காரருக்கு நேராகத் திரும்பினார்.

"ஐயா, எனக்குக் காது சரியாக் கேக்கறதில்ல. கொஞ்ச நாளாவே. அதனாலதான் இந்த ஆக்சில் வேலையிலயும் தப்பு வந்துச்சு. இனிமே கையால இழுத்துப் பாத்துட்டுத்தான் வண்டியத் தருவேன். நீங்க என்ன சொன்னீங்க?"

தபால்காரர் கையைக் காதில் குவித்து, முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு புரிந்ததோ, தலையை ஆட்டினார். பிறகு குரலைக் கொஞ்சம் ஏற்றி, ஹாரன் வேலை செய்யவில்லை, ரொம்ப நாளாகச் சத்தமே வருவதில்லை என்றார். அமுக்கிக் காட்டுகிறேன் பாருங்கள் என்று கதவைத் திறந்து கையை வைத்தார்.

கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வேன்காரி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். தபால்காரர் அழுத்திய கையை எடுக்காமலே, பாருங்க, வரலையே என்ற முகத்தோடு திரும்பிப் பார்த்தார்.

காதுக்காரர் போய் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார்.

"வருதுங்க ஐயா" என்றார். "எனக்கே கேக்குது."